இன்றிரவுக்கு மட்டும்

இந்த வாசல் பேர் கேட்காது,
ஊர்தான் கேட்கும்.
நான்கு எண்கள், நடுவே மூன்று புள்ளிகள்.
பட்டியலில் இருந்தால் உள்ளே.
இல்லையென்றால் நானூற்று மூன்று,
அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாது.
அப்படித்தான் எழுதி வைத்தேன்
புன்டா அரேனாஸ் மருத்துவமனையின்
ரத்த வங்கிக்கு.

தணிக்கைக்காரர்கள் திங்களன்று வருகிறார்கள்.
வீட்டிலிருந்தபடி, இரவு ஒன்றரைக்கு,
கெட்டில் சீறச் சீறக்
கவனிக்காமல்
பட்டியலை வரிவரியாகத் துடைத்து வந்தேன்.
பதினேழில் கை நின்றது.
ஓர் எண். பக்கத்தில் என் குறிப்பு:
"நெலிடா. இன்றிரவுக்கு மட்டும்."

அந்த இன்றிரவுக்கு வயது மூன்று.

ஆகஸ்ட். சாலை உறைந்து
ரியோ செக்கோவோடு பேருந்துகள் நின்றுவிட்டன.
நெலிடா ஓயார்சுன் வீட்டில் மாட்டிக்கொண்டாள்.
நீரிணைக்கு அப்பால், போர்வெனிரில்,
பிள்ளை பெற்ற ஒருத்திக்கு ரத்தம் நிற்கவில்லை.
பைகளை விடுவிக்க நெலிடா ஒப்புதல் தரவேண்டும்.
கடவுச்சொல் சரி, அவள் சரி,
இருந்த இடம்தான் தப்பு.
"எவரிஸ்தோ, உன் கதவு என்னை
யாரோ என்கிறது."
குரலில் கோபம்கூட இல்லை, அவசரம்.
எண்ணைக் கேட்டு வாங்கிச் சேர்த்தேன். திறந்தது.
நான்கு பைகள் விமானம் ஏறின.
அந்தப் பெண் பிழைத்தாளா என்று
நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

நெலிடா இப்போது வால்டிவியாவில்.
எண் அவளோடு போகவில்லை.
மோடம் அணைந்து எரியும்போதெல்லாம்
கம்பெனி எண்களைக் கலைத்துப் போடும்,
சீட்டுக்கட்டு மாதிரி.
இன்று அது யார் கையிலோ.
ரொட்டிக் கடையில் இருக்கலாம்,
விடிய விடிய விளையாடும் ஒரு பையனிடம் இருக்கலாம்.
ரத்த வங்கியின் சாவி
தன் சட்டைப் பையில் கிடப்பது தெரியாத யாரோ.

பதிவேட்டைப் புரட்டினேன்.
மூன்று வருடத்தில் ஒரே ஒருமுறை,
போன மார்ச்சில், அதிகாலை நாலு பத்துக்கு,
வாசல்வரை வந்து, மூன்று நொடி நின்று,
எதையும் தொடாமல் திரும்பியிருக்கிறது.
வழி தவறியா? சும்மாவா?
யாராக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே
வரியை அழித்தேன்.

அழித்தது பதினெட்டாம் வரி.
என் வீடு.

நானூற்று மூன்று.
நான் எழுதிய அதே வாக்கியம்,
அதே முறைப்பு, இப்போது எனக்கு.

கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
நவம்பர் காற்று ஆளைத் தூக்கும்;
அதற்கென்றே தெருமுனையில் கட்டிய கயிற்றைப்
பிடித்துப் பிடித்து நடந்தேன்.
மருத்துவமனைக் கண்ணாடிக்குப் பின்னால்
காவலர் பர்ரியா.
பதினொரு வருடப் பழக்கம்.
குல்லாவும் கழுத்துத்துணியும் மூடிய என்னிடம்
மைக்கில் கேட்டார்:
"எங்கிருந்து வர்றீங்க?"

சிரிப்பு வந்தது. தெருவின் பேரைச் சொன்னேன்.
"இந்தக் காத்துலயா?" என்று திறந்துவிட்டார்.
நான் யாரென்று அப்போதும் அவர் கேட்கவில்லை.

மேசைக்கு வந்து முதலில் என் வீட்டைச் சேர்த்தேன்.
பதினேழு அப்படியே இருந்தது.
கொஞ்சம் பொறுத்துத்தான் அழித்தேன்.
விரல்கள் சூடாக வேண்டியிருந்தது.