எட்டு வாசல்

வியாழக்கிழமை பத்தரை பஸ்ஸில்
ஹட்டனிலிருந்து வருகிறாள் சந்தமாலி.
தொழிற்சாலைச் சந்தியில் இறங்கினால்
மேல் லயத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு படி.
ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து
முதலில் அவள்தான் மூச்சு வாங்குகிறாள்.
நான் காத்திருக்கிறேன்.

தொடையெலும்பில் தகடு, ஏழு ஆணி.
படத்தில் காட்டினார்கள்,
கூரைத் தகரம் அடித்த மாதிரி இருந்தது.
பத்தாம் நம்பர் மலையில் கான் ஓரம் வழுக்கியது.
மழையில் எல்லாருக்கும் வழுக்குவதுதான்.
எனக்கு எழும்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

"மடக்கு. நீட்டு. ஹெமின், ஹெமின்."
அவள் சிங்களத்தில் எண்ணுகிறாள்,
எக்காய், தெக்காய், துனாய்.
நான் தமிழில்.
வலி கூடினால் மாறிப்போகிறது.
நான் ஹதராய் என்கிறேன்,
அவள் அஞ்சு என்கிறாள்.
பத்துக்கு எப்படியோ
இரண்டு பேரும் வந்து சேருகிறோம்.

கணுக்காலில் ஒரு கிலோ சீனிப் பை.
இருபது கிலோ கொழுந்தைத்
தலையில் மாட்டிக்கொண்டு இறங்கியவள்
ஒரு கிலோ சீனிக்கு
முகட்டைப் பார்த்து ஏசுகிறேன்.
கால் பாதிதான் எழும்புகிறது.
அவள் அதையும் ஒன்றென்று எண்ணுகிறாள்.
மலையில் இரண்டு கிலோ குறைந்தாலே அரைப் பேர்.
தண்ணிக் கழிவு, சாக்குக் கழிவு என்று
கழித்தே பழகிய தராசுக்கு முன்னால்
இருபத்தாறு வருசம் நின்றவளுக்கு
இந்தக் கணக்கு
முதலில் ஏமாற்று மாதிரித்தான் இருந்தது.

முதல் நாள் கேட்டாள்,
எவ்வளவு தூரம் நடக்க வேணும் உங்களுக்கு?
மலைக்குப் போகிற அளவுக்கு, என்றான் மகன்.
கணக்கப்பிள்ளையும் அதைத்தான் கேட்டு விட்டிருந்தார்.
கோயில் வரைக்கும், என்றார் புருசன்.
அவர்கள் வெளியே போகும்வரை இருந்து
அவள் காதில் சொன்னேன்:
லயத்துக் கடைசியில் கக்கூஸ் இருக்கிறது.
எட்டு வாசல் தள்ளி.
தனியாக.

அவள் சிரிக்கவில்லை.
கொப்பியில் எழுதினாள்.
பிறகு வெளியே போய்
அடி வைத்து அளந்துகொண்டு வந்தாள்.
அறுபத்து மூன்று.

நாலு மாதமாகக்
கட்டிலுக்குக் கீழே வாளி.
மருமகள் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

வாக்கர், டீமேக்கரின் செத்துப்போன மாமியாருடையது.
ஒரு காலில் ரப்பர் இல்லை.
டொக் என்றால்
நான் வருகிறேனென்று லயம் முழுக்கத் தெரியும்.
முதல் வாரம் இரண்டாம் வாசல்.
பிறகு நாலு.
காற்றும் மழையுமாய்க் கிடந்த வாரம்
மறுபடி மூன்று.
"பரவால்ல, இந்திராணி அக்கே" என்கிறாள்,
எங்களைப் போலவே இழுத்து.

ஆறாம் வாசல் தங்கபாக்கியத்துடையது.
பீலித் தண்ணிச் சண்டை,
இரண்டு வருசம் பேச்சில்லை.
அவள் இஸ்தோப்புக்கு முன்னால்
தொடை நடுங்கி நான் நின்றபோது
ஒரு பிளாஸ்டிக் கதிரை
உள்ளேயிருந்து தள்ளப்பட்டது.
கை மட்டும் தெரிந்தது, மஞ்சள் வளையல்.
உட்கார்ந்தேன். எழும்பிப் போனேன்.
அடுத்த வியாழனும் கதிரை அங்கேயே,
நனையாமல் சாக்கு மூடி.
இன்னும் பேசவில்லை நாங்கள்.

இன்றைக்கு
அவளுடைய அறுபத்து மூன்று அடிக்கு
எனக்கு எண்பத்தொன்பது பிடித்தது.
சந்தமாலி இரண்டடி பின்னால், தொடாமல்.
வாக்கர் கதவுக்குள் போகவில்லை.
அதை வெளியே விட்டுச்
சுவரைப் பிடித்துத் திரும்பினேன்.
புருசன் ஓட்டை வெட்டிய பலகைக் கதிரை
உள்ளே காத்திருந்தது.
தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது.
ஒரு கையால் சுவர்,
மறு கையால் குத்திக் குத்திப்
போட்டேன்.

தகர ஓட்டையால் விழுந்த வெளிச்சம்
காசளவு, என் முழங்காலில்.

வெளியே,
எக்காய், தெக்காய்,
எதை எண்ணுகிறாளோ தெரியவில்லை.

பிள்ளை, என்றேன்,
கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லு.