மூத்தாள்

ரஃபீக்குல் சொன்ன கதையில்
ஓர் இளவரசி மரத்தை விரும்பினாள்.
ஏழு வெள்ளிக்கிழமை அழுதாள். மரம் ஆணாயிற்று.
மறுநாள் உச்சிவெயிலில்
அவன் முதன்முதலாக நிழல் தேடினான்.
கிடைக்கவில்லை.
அவளை ஏசினான்.
அவ்வளவுதான் கதை என்று
சிகரெட்டை அணைத்துவிட்டுப் படுத்தான் ரஃபீக்குல்.

எப்போதும் செடிதான் மாற வேண்டியிருக்கிறது.
பூவைப் பிரித்தால் பெண், பழத்தைப் பிளந்தால் பெண்.
எந்த ராஜகுமாரனும்
கால் புதைய நின்று
வேர்விட்டதாகக் கேட்டதில்லை.

என் கதையை நான் சொல்லவில்லை.

செவ்வாய் தோஷம் எனக்கு.
வருகிறவள் தங்கமாட்டாள் என்றது கட்டம்.
கோயிலுக்குப் பின்னால், கிணற்றடி வாழைக்குப்
பட்டுத்துண்டு சுற்றி மஞ்சள் கயிறு கட்டினேன்.
நாத்தனார் முடிச்சையும் நானே போட்டேன்.
குலை தள்ளாத இளசு.
காய்ச்சல் இறங்கிய நெற்றிபோலத்
தண்டு குளிர்ந்திருந்தது.
பிறகு அரிவாளைக் கொடுத்தார்கள்.
“வெட்டிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடணும்.”
ஒரே வெட்டு.
வேட்டியில் சாறு தெறித்தது.
ஒன்பதாம் நாள்
மரிக்கொழுந்தைக் கைப்பிடித்தேன்.

இப்போது சலாலா.
தஹாரீஸ் கடலோரம் அறுநூறு வாழை,
முதல் சம்சாரத்தின் சொந்தபந்தம் முழுக்க
என் பொறுப்பில்.
கரீஃப் தூறல் மாதக்கணக்கில் விடாது.
மஸ்கட்டிலிருந்தும் துபாயிலிருந்தும் கார்களில் வந்து
நனைவதற்கென்றே நனைகிறார்கள்,
ஓலைக்கடையில் ஒரு சீப்பு வாங்குகிறார்கள்.
குலை இறக்கினால் தாயை வெட்டிவிட வேண்டும்,
அது அர்பாப் கணக்கு.
நாளைக்குப் பத்து, பன்னிரண்டு.
இன்னும் எந்த தோஷம் பாக்கி?

வீடியோவில் மரிக்கொழுந்து கேட்பாள்:
“மூத்தாள் வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”
சிரிப்பாள். நானும்.
நேற்று மட்டும் சிரிக்காமல் கேட்டாள்.
“அதுக்கு என்ன பேர் சொன்னாரு ஐயரு?”

ஏதோ ஒரு பெயர் சொன்னார்தான்.
மந்திரத்தோடு போய்விட்டது.
“நெனப்பில்ல” என்றேன்.

பீரோவைத் திறந்து
அந்த வேட்டியை விரித்துக் காட்டினாள்.
எலுமிச்சை, சோடா, மண்ணெண்ணெய்,
எல்லாம் தேய்த்துப் பார்த்தவள்தான்.
கறை கறுத்ததே தவிரப் போகவில்லை.
“பதினோரு வருசமா என் பொடவைங்களோட இருக்கா.
நானும் போன்னு சொல்லல.”

ராத்திரி டார்ச்சோடு இறங்கிப் போனேன்.
சாயங்காலம் வெட்டிய அடிக்கட்டை.
வளையத்துக்குள் வளையமாக நீர் கோத்திருந்தது.
நடுவில், சுருட்டிய வெண்குருத்து
ஒரு விரற்கடை மேலே வந்திருந்தது.
நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

திரும்பிப் பார்க்காதே என்றது இதற்குத்தானா.

செருப்பைக் கழற்றினேன்.
சேறு கணுக்காலுக்கு ஏறியது, ஜில்லென்று.
அணைத்த டார்ச்சோடு நின்றேன்,
எவ்வளவு நேரமென்று தெரியாது.
வரப்பிலிருந்து வெளிச்சம் அடித்து
யாரது என்றான் ரஃபீக்குல்.

பதில் சொல்ல
வாய் வரக் கொஞ்சம் தாமதமாயிற்று.