இன்மை அறிக்கை

காலை ஒன்பதரைக்குள் மாவட்டத்துக்குப் போக வேண்டும்.
காலரா இல்லை. தொண்டை அடைப்பான் இல்லை.
பாம்புக்கடி இரண்டு. நாய்க்கடி ஏழு.
இல்லாததையும் எழுதணும் மேடம்,
கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது
என்கிறான் ஜெகதீசன்.
பதினோரு வருடமாக
இல்லைகளை எண்ணுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

பள்ளிப்பட்டு வட்டாரத்துக்கு ஒரு ஜீப்.
ஜீப்புக்கு அளந்த டீசல்.
இருபதாம் தேதிக்குமேல் வருகிற கொள்ளைநோயை
அடுத்த மாதம்தான் போய்ப் பார்க்க முடியும் என்பார்
ஓட்டுநர் தட்சணாமூர்த்தி, சிரிக்காமல்.

நகரிச் சாலையில் ஒரு மஞ்சள் பலகை.
அதுவரை குழி நம்முடையது,
அப்புறம் குழி அவர்களுடையது.

நொச்சிக்கண்டிகையில் ஒரு நாய்.
கடித்தது இங்கே, குடியிருப்பது அங்கே.
பையனுக்கு நாலு ஊசியும் போட்டோம், அது வேறு.
நாயைப் பத்து நாள் கவனிக்க யாருக்கு எழுதுவது?
கோப்பு மேலே போய்
'மாநில எல்லை சார்ந்த பொருள்' என்று
பச்சை மையில் ஒரு குறிப்போடு இறங்கி வந்தது.
அதற்குள் சுகாதார ஆய்வாளர் ஏகாம்பரம்
லுங்கியைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் போய்
தினம் ஒரு பன் போட்டுவிட்டு வந்தார்.
பத்தாம் நாளும் தின்றது.
பன்னுக்குக் கணக்குத் தலைப்பு கிடையாது.

லோகேஸ்வரி. இருபத்து மூன்று. இரண்டாம் பேறு.
ரத்தம் ஏழு புள்ளி எட்டு.
பூங்காவனம் சிஸ்டர் சிவப்பில் சுழித்து வைத்த பெயர்.
இரும்பு மருந்து மூன்று முறை ஏற்றினோம்,
நாலாவதுக்கு வரவில்லை.
வீடு பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே
தறியில் பாதிச் சேலை.
'புட்டிண்டிகி போயிந்தி' என்றாள் எதிர்வீட்டுக்காரி.
பிறந்த வீடு பலகைக்கு அந்தப் பக்கம்,
எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது.
செல்போன் அணைந்திருந்தது.

எங்களுக்கு அவள் பன்னிரண்டு இலக்கம்.
தேதி தாண்டினால் இலக்கம் சிவப்பாகும்.
மேலிருந்து கேட்பார்கள்:
நிலுவையில் உள்ள தாய் என்ன ஆனார்?
நிலுவையில் உள்ள தாய்.
தண்ணீர் வரி மாதிரி.

பத்மநாப ராஜுவைக் கூப்பிட்டேன்.
அந்தப் பக்கத்து டாக்டர். நேரில் பார்த்தது ஒரேமுறை,
கல்குவாரியில் பாறை சரிந்த இரவு,
இரண்டு ஆம்புலன்ஸும் பலகைக்கு இருபுறம் நிற்க
உடல் யாருக்கு என்று போலீஸ் பேசிக்கொண்டிருந்தபோது.
என்னுடையது சந்தைத் தெலுங்கு.
அவருடையது சினிமாத் தமிழ்.
ஹீமோகுளோபின் இருவருக்கும் தெரியும்.
விசாரிக்கிறேன் என்றார்.

மூன்று நாள் பதில் இல்லை.
ஐந்து தொட்டிகளில் குளோரின் பார்த்தேன்.
மின்வெட்டில் தடுப்பூசிக்கு ஐஸ் மாற்றச் சொன்னேன்.
கழிப்பறைக் கதவு குறித்த மனுவுக்குப் பதில் எழுதினேன்.
ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று திட்டு வாங்கினேன்,
வேறொரு கட்டத்துக்காக.
தினமும் ஒன்பதரைக்கு
'தாய் மரணம்: இன்மை' என்று கையெழுத்திட்டேன்.
தெரியவில்லை என்பதற்குக் கட்டம் இல்லை.

நாலாம் நாள், இரவு ஒன்றரைக்கு, ராஜுவிடமிருந்து ஒரு படம்.
எடைத்தட்டில் பச்சைத் துணிச் சுருட்டல்,
இரண்டு கிலோ நூறு.
ஆடபிள்ள, என்று எழுதியிருந்தார்.
அப்புறம்: தாய்க்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினோம்,
ஒண்ணு எங்க டிரைவருது.

விளக்கைப் போட்டு உட்கார்ந்தேன்.
யாரை எழுப்பிச் சொல்ல என்று தெரியவில்லை.
பூங்காவனத்தைக் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்தாள்.

குழந்தை அவங்க கணக்குலதானே மேடம்?
ஆமாம்.
நம்ம இலக்கம் இன்னும் சிவப்பாவே இருக்கும்.
இருக்கட்டும்.

காலையில் நகரிச் சாலையில் போனோம்.
மஞ்சள் பலகையின் நிழலில் அந்த நாய்.
அரசாங்க ஜீப் என்றால் பன் என்று
யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் எழுந்து வந்தது.
தட்சணாமூர்த்தி என்னைப் பார்த்தார்.
வண்டியை நிறுத்தச் சொன்னேன்.