நான்கு மில்லிமீற்றர்

உள்துறைமுகத்தில் காலை ஆறரை.
கச்சான் இன்னும் எழும்பவில்லை.
ஊற்றிவைத்த பிசின் போலக் கிடந்தது தண்ணீர்.
பத்தரை அடிப் படகு, பதினைந்து குதிரை எஞ்சின்,
முழந்தாளில் வினோலியா, நாற்பத்தெட்டுக் கிலோ.

விசையைத் திறந்தாள்.
படகு எழும்பியது, பறந்தது,
பிறகு தலையாட்டத் தொடங்கியது:
அணியம் மேலே, கீழே, மேலே, கீழே,
எதைக் கேட்டாலும் ஓமென்னும் ஆளைப் போல.

கரைக்கு வந்ததும் சொன்னேன்:
"நீ பின்னுக்குச் சாயிறாய்."
"இல்லை."
"வளைவுக்கு முதல் கையைத் தளத்திறாய்."
"இல்லை."

இரண்டு கிழமை அவளைத் திருத்தினேன்.
பெற்றோல் தாங்கியை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளினேன்.
எஞ்சின் சாய்வு ஊசியை
மூன்றாம் துளையிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினேன்;
குதிப்பு நின்றது, ஓட்டமும் கூடவே நின்றது,
அணியம் எருமைபோலத் தண்ணீரை முட்டியது.
பதினொன்றைக் கழற்றிப் பன்னிரண்டு பிச் விசிறி பூட்டினேன்.
பின்பலகையில் அரை அங்குலத் தேக்கு வைத்து
எஞ்சினை உயர்த்தினேன்;
வளைவில் விசிறி காற்றைக் குடித்துக் கத்தியது,
படகு அந்த இடத்திலேயே குந்திவிட்டது.
தேக்கைக் கழற்றினேன்.
கொப்பியில் எல்லாம் எழுதினேன்:
திகதி, காற்று, துளை, வேகம்.
கடைசி நிரலுக்கு 'ஓட்டுநர்' என்று தலைப்பு,
கீழே பிழை, பிழை, பிழை.

அவள் கொப்பியைப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் பாலையூற்றில் வீடு கட்டும்
அந்தோனிப்பிள்ளை மேசனிடம்
ஆறடி அலுமினிய மட்டப்பலகை இரவல் வாங்கி
பஸ்சில் கொண்டுவந்தாள்.
கண்டக்டர் அதற்கும் அரை டிக்கெட் போட்டானாம்.

படகைக் கவிழ்த்தோம்.
கடையாலிலிருந்து ஏரா ஓரமாகப் பலகையை வைத்தாள்.
ஒரு நுனியை விரலால் அமுக்கினாள்,
மற்றது எழும்பியது.
அதை அமுக்கினாள்,
இது எழும்பியது.
டோர்ச்சை மறுபக்கம் பிடித்தேன்.
வெளிச்சம் கசிந்தது.
அளந்தோம்:
நான்கு மில்லிமீற்றர் இடைவெளி.
படகுக்கு வயிறு வைத்திருந்தது.

வாடை மழை மூன்று மாதமும்
அதை இரண்டு டயரில் கிடத்தியவன் நான்.
ஒன்று கடையாலில், ஒன்று நடுவில்.
தறப்பாள் போட மறந்தவனும் நான்.
மழை நிரம்பி, இரண்டு டயருக்கும் இடையில்
பைபர் இரவிரவாய்த் தொய்ந்திருக்கிறது.
நான் பக்கத்து அறையில் போர்த்திக்கொண்டு
அந்த மழையை ரசித்துக் கேட்டிருக்கிறேன்.

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது.
வாயை மூடிக்கொண்டு கிண்ணியாவுக்குப் போய்
ரிஸ்கானிடம் பிசினும் மாவும் வாங்கினேன்,
கடனுக்கு.
வயிற்றுக்கு முன்னும் பின்னும் பூசி
நீளக் கட்டையில் எண்பதாம் நம்பர் தாள் சுற்றி,
பிறகு நூற்றிருபது,
பிறகு இருநூற்று நாற்பது,
இரண்டு இரவு தேய்த்தேன்.
பின்விளிம்பை மட்டும் மழுக்கவில்லை.
தண்ணீர் படகை விட்டுப் பிரியும் இடம்
கத்தியாய் இருக்க வேண்டும்;
உருண்டிருந்தால் போக மனமில்லாமல்
ஒட்டிக்கொண்டு பின்னால் இழுக்கும்.

மூக்கெல்லாம் வெள்ளைத் தூசு.
அவள் வந்து நின்றாள்.
"பலகை இன்னும் ஆடுதா?"
"வைச்சுப் பார்."
வைத்தாள்.
இந்த நுனி. அந்த நுனி.
ஆடவில்லை.

சனிக்கிழமை.
ஊசி மூன்றாம் துளையில்.
தேக்கைக் கால் அங்குலமாய்ச் சீவிப் பூட்டியிருந்தேன்.
இரண்டு மிதவைக்கும் இடையில்
படகு ஒரு கோடு கீறியது, தலையே ஆட்டாமல்.
கடற்படைக் காவற்கோபுரத்தில் இருந்தவன்
எழும்பி நின்று பார்த்தான்.
நாற்பத்தொன்பது ஓடியது ஐம்பத்தேழு ஓடியது.
கொப்பியை எடுத்து
கடைசி நிரலின் தலைப்பை வெட்டி
'டயர்' என்று எழுதினேன்.

எஞ்சினை நிறுத்தி மிதந்து வந்தாள்.
ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
வேகத்தைக் கேட்கவில்லை.
"இடப்பக்கம் கொஞ்சம் இழுக்குது" என்றாள்.

விசிறிக்கு மேலிருக்கும் சின்னத் துடுப்பைத் திருப்ப
பத்தாம் நம்பர் ஸ்பனரைத் தேடினேன்,
பெட்டியில், மணலில், காற்சட்டைப் பையில்.
அது அவள் கையில் இருந்தது.