பக்கத்துக்கு அறுநூறு

மட்டக்களப்பு நீதிமன்றத்துக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடைக்குள் ஒரு மேசை எனக்கு.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, பக்கத்துக்கு அறுநூறு.
ஏறாவூர் உவைஸ் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்,
அது இன்னும் ஓடிக்கொண்டிருப்பதுபோல.

கொழும்புக் காப்புறுதிக் கம்பனியின் இங்கிலீசுப் படிவம்.
ஏழாம் கேள்வி:
மோதலைத் தவிர்க்க எந்தப் பக்கம் ஸ்டியர் பண்ணினீர்?
பதிலுக்கு ஒன்றரை வரி.

அவர் சொன்னார்:
"வலையிறவுப் பாலத்தால இறங்கிறன். மழை விட்ட இரவு.
தார்ச் சூட்டுக்கு ரோட்டில மாடு படுத்துக் கிடக்கு.
இடப்பக்கம் ஒடிச்சன்.
ஒடிச்சா, லைட்டில்லாத சைக்கிள், ஒரு ஆள்,
கரியரில நனைஞ்ச சாக்கு.
மறுகா வலப்பக்கம் கிறுக்கினன்.
அங்கால வாவி.
வெட்ட இடமில்ல தங்கச்சி.
மாட்டுக்கே விட்டன்."

பேனை நின்றது.
ஒடித்தால் முறியும் என்றுதான் படித்தேன்.
கிறுக்கினால் சுவர் கெடும்,
வெட்டினால் இரத்தம் வரும்.
இந்த ஊர்ச் சாரதிகளோ
ஒடித்தும் வெட்டியும் கிறுக்கியும்
ஒரு நெல்மூட்டை சரியாமல்
ஆலை வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

அட்டை கழன்ற அகராதியில் ஸ்டியர்:
செலுத்து, நடத்து, நெறிப்படுத்து, சுக்கான் பிடி.
எல்லாம் இஸ்திரி போட்ட சொற்கள்.
சுனாமிக்கு அடுத்த வருடம்
வழிநடத்தல் குழு என்று இதே வினையை
கூட்டக் குறிப்புகளில் நூறு தரமாவது எழுதியிருப்பேன்.
பதினாலு பேர் இருந்தார்கள் அந்தக் குழுவில்.
வட்டமாய் மேசைகூட இருந்தது.
திருப்பிய ஆளைத்தான் காணவில்லை.

இரண்டு வரி கீழே, வேறு எண்ணிட்டு,
அதே எழுத்துகளில் இன்னொரு ஸ்டியர்:
நலமடித்த இளம் எருது.

"என்ன மாடு?" என்றேன்.
"நாம்பன். நலமடிச்சது.
ஒண்டே முக்கால் லட்சம் எண்டு
விடியச் சொந்தக்காரன் வந்து நிண்டான்."
"சைக்கிள்காரர்?"
"திரும்பியே பாக்கல்ல."

விட்டன் என்றால் ஓட்டினேன்.
விட்டன் என்றால் கைவிட்டேன்.
பள்ளிக்கூடம் விடும், மழை விடும்,
நாம்பன் உயிரை விடும்.
கொழும்பில் ஒருவர் இதில் எதை வாசிக்கிறாரோ
அதுதான் உவைஸின் ரேடியேட்டர், முன்கண்ணாடி,
மூன்று மாத லீசிங்.
சைக்கிள் இருந்ததா என்று கேட்க எனக்கு உரிமையில்லை.
நான் செய்த சத்தியம் சொல்லுக்கு மட்டும்.

ஆனாலும் கைகளைப் பார்த்தேன்.
மேசை விளிம்பில், கடிகாரத்தின்
பத்தும் இரண்டும் இருக்கும் இடங்களில் இருந்தன.
கடைசி வரியை இன்னொருக்கால் சொல்லச் சொன்னேன்.
"மாட்டுக்கே விட்டன்."
ஒரு விரலும் தளரவில்லை.

எழுதினேன்.
ஒரே சொல் ஒரே வரியில் இரண்டு தரம் வந்தது.
தட்டச்சுப் பிழை என்று கம்பனி நினைக்கலாம்.

உவைஸ் தாளைத் தூக்கிப் பிடித்தார்.
"இதில மாடு எங்க?"
தொட்டுக் காட்டினேன்.
"நான்?"
அதற்குக் கொஞ்சம் முன்னால் தொட்டேன்.
"ரெண்டும் ஒண்டாக் கிடக்கே."
"உங்களுக்கு வால் கூட" என்றேன்.
இறந்தகாலத்தை அவருக்கு வேறெப்படிச் சொல்வது.
அவர் சிரிக்கவில்லை.
"அந்த ஆள்?"
ஆள் ஒன்றரை வரிக்குள் கொள்ளவில்லை.
ஓரத்தில், சின்ன எழுத்தில் ஏற்றியிருந்தேன்,
ரோட்டு ஓரத்தில் போனவரை.

முத்திரை குத்தினேன். ஆயிரத்தைத் தந்தார்,
மிச்சத்தை எண்ணாமல் பைக்குள் வைத்தார்.
வெளியே பொலிஸ்காரன் லொறியை எடுக்கச் சொல்லிக் கத்த,
பின்னால் நின்று தகரத்தில் தட்டினான் கிளீனர் பொடியன்:
வா, வா, ஒடி,
இன்னும் ஒடி,
காணும், கிறுக்கு,
ஆ, விடு,
விடு நானா, ஒருத்தரும் இல்ல.

லொறி நின்றது.
உவைஸ் கதவைத் திறந்து இறங்கி
தானே பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.