ரொமுலோவுக்கு நன்றி

என் பெயர் போட்ட பேட்ஜ்
சியாட்டிலில் இன்னும் அச்சாகிக்கொண்டிருக்கிறதாம்.
அதுவரை இதைக் குத்திக்கொள் என்று
இழுப்பறையைத் துழாவி மேற்பார்வையாளர் தந்தது
ஒப்பந்தம் முடிந்து போஹோலுக்குப் போய்விட்ட
ரொமுலோவினுடையது.
ஏழு நாள்தானே என்றார்.
இது மூன்றாவது ஏழு நாள்.

ஏழாம் தளத்தில் பதினாறு அறைகள் எனக்கு.
அவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் போன பிறகு
துண்டை மடித்து யானை செய்வேன்.
அவர்களுடைய கறுப்புக் கண்ணாடியையே மாட்டிவிடுவேன்.
திரும்பி வந்து கதவைத் திறந்ததும்
தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்:
"ரொமுலோ, நீ கலைஞனப்பா!"
ரொமுலோவுக்கு யானை வராது.
அன்னம் மட்டும்தான் வரும்,
அதற்கும் விடிவதற்குள் கழுத்து சாய்ந்துவிடும்.

கடைசி இரவு.
பெட்டிகள் கதவுக்கு வெளியே வந்து நிற்கின்றன.
விடிந்தால் வான்கூவர்.
இந்த ஒரு இரவு மட்டும்
எந்த வேகத்தில் நடப்பது என்று
பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை.
மெதுவாகப் போனால் காசுக்கு நிற்கிறான் என்பார்கள்.
விரைந்து போனால்
உறையோடு கதவைத் திறந்தவர்
ஒரு கணம் யோசித்துவிட்டு மூடிவிடுவார்.

தினமும் மூன்று வாளி பனிக்கட்டி கேட்ட 7220
முதல் நாளே வரவேற்பு மேசைக்குப் போய்
சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்லியிருந்தார்.
எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பார்கள்.
பட்டியல் மாலைக்குள் கீழே வந்துவிடும்.
இரவுக்கு ஒன்றாக
அவர் தலையணைமேல் நானே வைத்த சாக்லேட்டுகளைக்
காகிதக் கைக்குட்டையில் முடிந்து
'உன் பிள்ளைகளுக்கு' என்று எழுதி வைத்திருந்தார்.
எண்ணிப் பார்த்தேன்.
ஏழில் ஆறுதான் இருந்தன.
தின்றுவிட்ட அந்த ஒன்றுக்காக
ஏனோ அவரை மன்னித்தேன்.

உறை என் பைக்குள் போகும்.
பாராட்டு அட்டை மேலே அலுவலகத்துக்குப் போகும்.
அட்டைகள் சேர்ந்தால் பத்தாம் தளம் கிடைக்கும்;
அங்கே உறைகள் இன்னும் தடிமன்.
போன வாரம் உணவுக்கூடப் பலகையில்
'மாதத்தின் சிறந்த பணியாளர்' என்று
ரொமுலோவின் புகைப்படம் ஒட்டினார்கள்.
எல்லோரும் தட்டைத் தட்டிச் சிரித்தார்கள்.
பரிசாக அரை மணி நேர இணையம்.
அதில் அவனையே அழைத்தேன்.
மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டபடி,
"டெல்ஃபின், நான் இல்லாதபோதுதான்
நன்றாக வேலை பார்க்கிறேன் போலிருக்கிறதே,
பாதியை அனுப்பு" என்றான்.

7231இல் வெர்னா.
சஸ்காட்சுவான் பக்கம் கோதுமைக்காரி.
இடுப்பு சரியில்லை, ஒரு துறைமுகத்திலும் இறங்கவில்லை.
பனிமலைகள் ஜன்னலில் நகர்ந்துகொண்டிருக்க
அவள் பின்னிக்கொண்டிருந்தாள்.
இரண்டாம் நாளே சொல்லப் பார்த்தேன்:
அம்மா, இது என் பெயர் இல்லை.
அப்போது பார்த்து ஒலிபெருக்கி
வலப்பக்கம் திமிங்கிலம் என்றது.
அதற்குப் பிறகு சொல்வதென்றால்
கை நீட்டுவதுபோல் ஆகிவிடும்.

இன்றிரவு அவள் கொடுத்தது
நாற்பது டாலர்,
ஒரு பக்கம் நிறைய எழுதிய அட்டை,
ஒரு கம்பளித் தொப்பி.
நெற்றியில் சிவப்பு நூலில் ஆங்கில 'ஆர்'.
என் தலைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

காலையில் சக்கர நாற்காலி வந்தது.
என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு
"நன்றி, ரொமுலோ" என்றாள்.
அவனிடம் சொல்கிறேன் என்றேன்.
நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தாள்,
இடுப்பு வலிக்கும் அளவுக்கு.

பதினொரு மணிக்குப் புதியவர்கள் ஏறுவார்கள்.
7231இன் படுக்கை இன்னும் சூடாக இருக்கிறது.
விரிப்பை உருவுகிறேன்,
தொப்பியைக் கழற்றாமலே.