பிறந்த இடம், தங்கும் இடம்

பலாலியில் இறங்கிப் படிவம் நிரப்பினேன்.
பிறந்த இடம்: திருநெல்வேலி.
தங்கும் இடம்: திருநெல்வேலி.
பேனா மூடியைக் கடித்தபடி அதிகாரி
இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.
"ஒண்டு பிழையாப் போட்டிட்டியள் போல."
இல்லை சார், ரெண்டும் சரிதான்.
முத்திரை விழுந்தது,
கொஞ்சம் சந்தேகத்தோடு, கொஞ்சம் சாய்வாக.

சென்னையிலிருந்து என் வீட்டுக்கு
ஓர் இரவு முழுக்க ரயில்.
இங்கே வந்து சேர
ஒரு படம் பார்க்கும் நேரம்கூட ஆகவில்லை.
இருந்தும் இதற்குத்தான் விசா.

பல்கலைக்கழக அலுவலகத்தில் பெயர் கேட்டார்கள்.
இசக்கி.
"ஐசாக்கோ? வேதக்காரரோ?"
இல்லை, எங்கள் ஊர் அம்மன்.
ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு
ஐசாக்கி என்று எழுதினார்கள்.
அடையாள அட்டையில் இப்போது
பாதி அம்மன் நான்,
பாதி ஆபிரகாமின் பிள்ளை.

கூடப் படித்த மதுரவல்லி பிராகாவுக்குப் போனாள்.
அவளுக்கு ஒன்றும் புரியாது,
விரலைக் காட்டி ரொட்டி வாங்கிவிடுகிறாள்.
எனக்கு எல்லாம் புரிகிறது,
அதுதான் சிக்கல்.

அறைச் சாவி கேட்டேன், திறப்புத் தந்தார்கள்.
"இந்த ஒழுங்கையால போய் முடக்கில திரும்புங்கோ."
ஒழுங்காகப் போகாவிட்டால்
முடக்கிவிடுவார்களோ என்று
கையில் பையோடு நின்றேன்.
பேருந்தில் யாரோ "இறக்கம்!" என்று கத்த
ஒரு மேடும் இல்லாத ஊரில்
எங்கே இறக்கம் என்று
யன்னலுக்கு வெளியே தேடினேன்.
அதற்குள் என் தரிப்பிடம் போய்விட்டது.

மூன்றாம் நாள் கடன் வாங்கிய சைக்கிள்.
பரமேஸ்வராச் சந்தி, கல்வியங்காடு, பிறகு தெரியாத தெரு,
பிறகு அதே தெரு, மறுபடியும்.
பண்ணையில் ஒருவர்
கடலுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார்,
இடுப்பளவுத் தண்ணீரில், கையில் கூடையோடு,
கடைக்குப் போகிறவர் மாதிரி.

திரும்பும் வழியில்
கல்யாண மண்டபத்துக்கும் போன் கடைக்கும் நடுவே ஒரு வீடு.
கூரை இருந்த இடத்தில் ஆலமரம்.
படம் எடுக்கப் போனேன்.
பக்கத்து மதிலில் துவாய் உலர்த்தியவள்
என்னைப் பார்த்தாள்.
கோபம் இல்லை அந்தப் பார்வையில்.
கேட்காமல் யார் வீட்டு அறைக்குள்ளோ
எட்டிப் பார்த்தது போலிருந்தது எனக்குத்தான்.
போனைப் பைக்குள் வைத்து மிதித்தேன்.
இரவில் அந்த மரத்தின் இலைகள் ஞாபகம் வந்தன,
நல்ல பச்சை.

அம்மா அழைத்தாள்.
"ஆத்துல தண்ணி கெடக்கா அங்க?"
இங்க ஆறு கிடையாதும்மா, எல்லாம் கிணறு.
"ஆறில்லாம அது என்னட்டி திருநெல்வேலி."
நான் படிக்க வந்ததே அதைத்தான்,
நிலத்துக்கு அடியில், சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளில்
யார் கண்ணிலும் படாமல் நகரும் நீரை.

சாருஜா என்னை நீர் என்கிறாள்.
"நீர் சாப்பிட்டிட்டீரோ? நீர் எப்ப வந்தனீர்?"
எங்கள் பக்கம் மாமனும் மச்சானும்
மல்லுக்கு நிற்கும்போது மட்டும் வரும் சொல்.
இங்கே அதில் ஒரு தேத்தண்ணிக்கடைச் சிநேகம்.
தோட்டக் கிணற்றுக் கட்டில் குனிந்து
அளவு நாடாவை இறக்குகிறேன்.
"ஆறுதலா விடும், ஆறுதலா."
மெதுவாக என்று அர்த்தமாம்.
எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது,
யாரும் எதற்கும் தேற்றவில்லை என்றாலும்.

நாலு மீட்டர் இருபது.
நாடாவின் நுனி நனைந்து வந்தது.

குறிப்பேட்டில் முதல் நாலு நாளும்
இடம்: திருநெல்வேலி என்று எழுதி
அடைப்புக்குறிக்குள் இலங்கை என்று போட்டிருக்கிறேன்.
ஐந்தாம் நாள் போடவில்லை.
பெரிய காரணம் ஒன்றும் இல்லை.
மழை வரப் பார்த்தது,
கெதியா கெதியா என்றாள் சாருஜா,
பேனாவிலும் மை தீர்ந்துகொண்டிருந்தது.